அதே குரல், வேறொரு கோகு: ‘டிராகன் பால் சூப்பர்’ ஆங்கிலம் பேசிய கதை

2017 ஜனவரி 7, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவில் அடல்ட் ஸ்விம் அலைவரிசையின் டூனாமி பகுதியில் ‘டிராகன் பால் சூப்பர்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் முதல் எபிசோடு ஆங்கில டப்பிங்கில் ஒளிபரப்பானது. ஜப்பானில் இந்தத் தொடர் 2015 ஜூலை 5 அன்றே தொடங்கிவிட்டது. இடையில் ஒன்றரை வருடம். அதற்குள் சப்டைட்டிலோடு அறுபது, எழுபது எபிசோடுகளைப் பார்த்து முடித்திருந்த ரசிகர்கள் பலர், அன்றிரவு முதல் எபிசோடிலிருந்து மறுபடி பார்க்க உட்கார்ந்தார்கள். அடுத்து யார் வருவார், யார் தோற்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் காத்திருந்தது கதைக்காக இல்லை, பள்ளி விட்டு வந்ததும் டிவியில் கேட்டு வளர்ந்த குரல்களுக்காக.

குரல்கள் அப்படியே திரும்பி வந்தன. ஆனால் அந்தக் குரலில் பேசிய நாயகன் கோகு, அவர்கள் அறிந்த கோகுவாக இல்லை. ‘சூப்பர்’ வந்த நாளிலிருந்து ஆங்கில ரசிகர்களிடையே ஓயாமல் ஓடிய புகார் இதுதான்: “கோகுவை ஏன் இப்படி முட்டாளாக்கிவிட்டார்கள்? ஏன் இவ்வளவு சுயநலம்?” எழுத்தாளர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள், டப்பிங் குழு கெடுத்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். என் பார்வையில் இரண்டுமே தவறு. ‘சூப்பர்’ கோகுதான் பழைய கோகு. ஆங்கிலத்தில் தொண்ணூறுகளில் அவர்களுக்குக் கிடைத்தவன்தான் வேறு ஆள். ஒரு தொடர்ச்சித் தொடருக்கு டப்பிங் செய்வது எவ்வளவு சிக்கலான வேலை என்பதை இந்தக் கதை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், 1984 முதல் 1995 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வந்தது. தோயே அனிமேஷன் நிறுவனம் அதை ஃபுஜி டிவிக்காக 1986இல் அனிமே, அதாவது அனிமேஷன் தொடர், ஆக்கியது. முதல் தொடர் 153 எபிசோடு, அடுத்து ‘இசட்’ 291 எபிசோடு, அதற்குப் பிறகு மாங்காவில் இல்லாத கதையோடு ‘ஜிடி’ 64 எபிசோடு. 1997 நவம்பரில் ‘ஜிடி’ முடிந்ததும் திரை விழுந்தது. ‘இசட்’ தொடரைச் சுருக்கிச் செப்பனிட்ட ‘காய்’ 2009இல் வந்தது, ஆனால் அது பழைய கதைதான். புதுக் கதையோடு ஒரு டிவி தொடர் வர 2015 ஆகிவிட்டது. அதற்கு வழிபோட்டவை 2013இலும் 2015இலும் வந்த இரண்டு திரைப்படங்கள். இரண்டிலும் தொரியாமா நேரடியாகக் கதையில் கைவைத்தார். அந்தப் படங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் ‘சூப்பர்’ பிறந்தது.

பிறந்தது என்பதைவிட அவசரமாகப் பிறந்தது என்பதே சரி. 2015 ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு, ஜூலை முதல் வாரத்தில் ஒளிபரப்பு. ‘காய்’ முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதே காலை 9 மணிக்கு ‘சூப்பர்’ வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த அவசரம் திரையிலும் தெரிந்தது. ஐந்தாவது எபிசோடில் கோகுவும் அழிவின் கடவுள் பீரஸும் மோதும் காட்சியின் ஓவியம் அத்தனை மோசமாக இருந்தது. அந்த ஓவியங்கள் உலகம் முழுக்கச் சுற்றின, வட்டுப் பதிப்புக்காகத் திருத்தி வரைய வேண்டியதாயிற்று. முதல் 27 எபிசோடுகள் வேறு அந்த இரண்டு திரைப்படங்களின் கதையையே நீட்டிச் சொன்னவை. திரையரங்கில் பார்த்ததை, அதைவிடச் சுமாரான ஓவியத்தில், அரை வருடம் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. புதுக் கதை 28ஆம் எபிசோடில்தான் தொடங்குகிறது.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். ‘சூப்பர்’ டப்பிங்கைப் புரிந்துகொள்ள 1996க்குப் போகாமல் முடியாது.

ஜென் ஃபுகுனாகா 1994இல் தொடங்கிய, டெக்சஸைச் சேர்ந்த ஃபனிமேஷன் அப்போது மிகச் சிறிய நிறுவனம். ‘இசட்’ தொடரின் உரிமம் கையில் இருந்தது, குரல் பதிவுக்கான வசதி இல்லை. எனவே கனடாவின் வான்கூவரில் இருந்த ஓஷன் ஸ்டூடியோவில் டப்பிங், சாபான் நிறுவனம் வழியாக விநியோகம் என்று ஏற்பாடானது. குழந்தைகள் நிகழ்ச்சிக்கான கட்டுப்பாடுகளுக்கு ஏற்ப முதல் 67 எபிசோடுகள் வெட்டப்பட்டு 53 ஆகச் சுருங்கின. ரத்தம் துடைக்கப்பட்டது. யாரும் சாகவில்லை, ‘வேறொரு பரிமாணத்துக்கு’ அனுப்பப்பட்டார்கள். நரகத்தில் வேலை பார்க்கும் பூதங்களின் பனியனில் நரகம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஜப்பானிய மூலத்திலேயே அப்படித்தான். அந்த நான்கு எழுத்துகளில் இரண்டின் அடிக்கோட்டை மட்டும் அழித்து ‘ஹெச் எஃப் ஐ எல்’ ஆக்கினார்கள். தோற்றுப்போனவர்களுக்கான இல்லம் என்று அதற்கு ஒரு விரிவாக்கமும் தந்தார்கள்.

இவையெல்லாம் பலருக்கும் தெரிந்த வெட்டுகள். ஆனால் நீண்ட காலம் நின்ற சேதம் வேறொன்று. கோகுவின் அப்பா பார்டாக், சயான் இனத்தில் கடைநிலைப் படைவீரர். ஆங்கில வசனத்தில், அதே இனத்து இளவரசனும் கோகுவின் போட்டியாளனுமான வெஜிட்டா அவரை மேதாவி விஞ்ஞானி என்கிறான். அழியும் கிரகம், விஞ்ஞானி அப்பா, பூமியில் வந்து விழும் குழந்தை: அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பழக்கமான ஒரு காமிக்ஸ் நாயகனின் பிறப்புக் கதை இது. கோகுவை அந்த அச்சில் ஊற்றினார்கள்.

1998இல் இந்த ஏற்பாடு முறிந்தது. புது எபிசோடுகள் நின்றன. ஆனால் அதே வருடம் ஆகஸ்ட் 31 முதல் கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி, பழைய எபிசோடுகளைத் தினமும் மாலை நேரத்தில் போடத் தொடங்கியது. கூட்டம் குவிந்தது. அடுத்த எபிசோடு வேண்டும் என்ற கட்டாயத்தில், ஃபனிமேஷன் செலவைக் குறைக்க டெக்சஸிலேயே குரல் தேடியது. அப்படி வந்தவர்கள்தான் ஷான் ஷெம்மல், கிறிஸ்டோபர் சபாட். ஷெம்மல் கோகு. சபாட் ஒருவரே வெஜிட்டா, பிக்கலோ என்று பலருக்கும் குரல். 1999 செப்டம்பரில் இவர்கள் குரலோடு புது எபிசோடுகள் வந்தன. ஆரம்பத்தில் வான்கூவர் கலைஞர்களின் குரலையே ஒட்டிப் பேச வேண்டிய நிலை, பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆள் மாறியது தெரியக்கூடாதே என்று. அந்த எபிசோடுகளைக் கேட்டால் இருவரும் இரவல் குரலில் திணறுவது காதில் விழும். போகப் போகத்தான் தங்களுக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடித்தார்கள்.

இசையையும் மாற்றினார்கள். ஷுன்சுகே கிகுச்சியின் மூல இசைக்குப் பதிலாக புரூஸ் ஃபால்கனர் குழுவின் கிதாரும் சின்தசைசரும். கிகுச்சி மௌனமாக விட்ட இடங்களில் எல்லாம் ஆங்கிலப் பதிப்பில் இசை ஓடும். அந்த இசையோடு வளர்ந்தவர்களுக்கு அது உயிர், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மௌனம் போனதும் கோகு யோசிக்கும், தயங்கும், பதில் தெரியாமல் விழிக்கும் இடங்களும் சேர்ந்து போயின.

இதன் உச்சம் நாமெக் கிரகத்தில். வில்லன் ஃப்ரீசாவின் முன் கோகு முதல் முறை சூப்பர் சயானாக, அதாவது பலம் பன்மடங்கு பெருகிய சயானாக, மாறி நிற்கிறான். ‘நீ யார்?’ என்று ஃப்ரீசா கேட்கிறான். ஜப்பானிய மூலத்தில் பதில் ஏறத்தாழ இப்படி: உன்னை வீழ்த்தப் பூமியிலிருந்து வந்த சயான் நான், சாந்தமான மனது கொண்டிருந்தும் கடும் கோபத்தால் விழித்தெழுந்த சூப்பர் சயான் சோன் கோகு. நண்பன் கிரிலின் கண்முன் செத்த ஆத்திரத்தில் இருப்பவன் தன் பெயரையும் குலத்தையும் சொல்கிறான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதே வாயசைவுக்கு வேறு வசனம்: பிரபஞ்சத்தின் நம்பிக்கை நான், அமைதிக்காகக் கதறும் உயிர்களுக்கெல்லாம் விடை நான், நல்லோருக்குத் துணை, உனக்கோ கொடுங்கனவு. ஷெம்மல் அதைப் பிரமாதமாகவே பேசினார். லட்சக்கணக்கான பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால் தொரியாமா எழுதிய கோகு அப்படிப் பேசுகிறவன் இல்லை.

தொரியாமாவின் கோகு காட்டில் வளர்ந்தவன். ஊர்ப்பேச்சு பேசுவான். சாப்பாடு, பயிற்சி, தன்னைவிட பலசாலியோடு ஒரு சண்டை, இந்த மூன்றுதான் அவனுக்கு உலகம். பூமியைக் காப்பாற்றுகிறான், ஆனால் அது பல நேரம் சண்டைக்குப் போன இடத்தில் கூடவே நடக்கும் நல்லது. வெஜிட்டாவைக் கொல்ல வாளோடு நிற்கும் கிரிலினைத் தடுத்து, அவனை விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். காரணம் கருணை மட்டும் இல்லை, இன்னொரு முறை அவனோடு மோத வேண்டும் என்கிற ஆசை. ஜப்பானிய அனிமேயே கோகுவை அளவுக்கு மீறி நீதிமானாக்கிவிட்டது, தான் கலந்து வைத்த ‘விஷம்’ அவர்களுக்குப் பிடிபடவில்லை என்று தொரியாமா ஒரு பேட்டியில் வருத்தப்பட்டிருக்கிறார். ஜப்பானியப் பதிப்பின் மீதே அவருக்கு அந்தக் குறை என்றால், ஆங்கிலப் பதிப்பு எவ்வளவு தூரம் போயிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபனிமேஷனும் இதை உணராமல் இல்லை. 2005இல் பழைய எபிசோடுகளை வெட்டில்லாமல் மறுபடி டப் செய்தார்கள். 2010இல் ‘காய்’ ஆங்கிலத்தில் வந்தபோது வசனம் மூலத்தை ஒட்டியே எழுதப்பட்டது. ஷெம்மலும் சபாட்டும் பத்து வருட அனுபவத்தோடு பழைய காட்சிகளையே புதிதாகப் பேசினார்கள். பல பாத்திரங்களுக்கு ஆள் மாறியது. ஃப்ரீசாவுக்கு கிறிஸ் அயர்ஸ் வந்தார். மரியாதையான, இனிப்பான, உள்ளுக்குள் விஷமான அந்தக் குரல், ஜப்பானில் ர்யுசே நாகாவோ தருவதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. ‘காய்’ பார்த்தவர்களுக்கு ‘சூப்பர்’ கோகு அதிர்ச்சியாக இருந்திருக்காது. ஆனால் பெரும்பான்மை ரசிகர்களின் மனதில் குடியிருந்தவன் 1999இன் கோகுதான்.

சரி, அந்த ஒன்றரை வருடத் தாமதத்துக்கு வருவோம். டப்பிங் என்றால் அவ்வளவு காலம் பிடிக்கும் என்று பலர் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. 2014 ஜனவரியில் ‘ஸ்பேஸ் டாண்டி’ தொடரின் ஆங்கில டப்பிங் ஜப்பானிய ஒளிபரப்புக்கு ஒரு நாள் முன்பே அமெரிக்காவில் வந்தது. அந்த வருடக் கடைசியிலேயே ஃபனிமேஷன், ஜப்பானில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களைச் சில வார இடைவெளியில் டப் செய்து தரும் முறையைத் தொடங்கிவிட்டது. செய்ய வசதி இருந்தது, ஆளும் இருந்தார்கள். இல்லாதது உரிமம். ‘சூப்பர்’ ஜப்பானில் ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்கும் மேல், வெளிநாட்டு ரசிகர்கள் முறைப்படி பார்க்க சப்டைட்டில் பதிப்புகூட இல்லை. 2016 அக்டோபர் 22 முதல்தான் கிரஞ்சிரோல் போன்ற தளங்களில் சப்டைட்டிலோடு வந்தது. நவம்பரில் டப்பிங் அறிவிப்பு, ஜனவரியில் ஒளிபரப்பு. கையெழுத்தானதும் எல்லாம் மூன்று மாதத்துக்குள் நடந்துவிட்டது. அந்த ஒரு வருட வெற்றிடத்தை நிரப்பியவர்கள் அனுமதியில்லாமல் சப்டைட்டில் போட்டுப் பரப்பியவர்கள். உரிமையாளர் கடையைத் திறக்காமல் வைத்திருந்தால் வாசலில் யாராவது கடை போடத்தான் செய்வார்கள்.

தொடங்கிய பிறகு வாரம் ஒரு எபிசோடு. டூனாமியில் கிடைத்த இடம் அவ்வளவுதான். அதனால் இடைவெளி குறையவே இல்லை. ஜப்பானில் 131ஆவது எபிசோடு 2018 மார்ச் 25 அன்று வந்து தொடர் முடிந்தபோது, ஆங்கிலம் ஏறத்தாழப் பாதிவழியில் நின்றது. ஆங்கிலத்தில் கடைசி எபிசோடு 2019 அக்டோபர் 5 அன்று. இதற்குள் ‘டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி’ படம் வந்துவிட்டது. தொடர் முடிந்த பிறகு நடக்கும் கதை அது. ஜப்பானில் 2018 டிசம்பரில், அமெரிக்காவில் 2019 ஜனவரியில், ஆங்கில டப்பிங்கோடு. படத்துக்கு வெறும் ஒரு மாத இடைவெளி, தொடருக்கு ஒன்றரை வருடம். டப்பிங்கில் மட்டும் பார்த்துவந்தவர், தொடரின் முடிவு தெரியாமலே அதற்கடுத்த கதையைத் திரையரங்கில் பார்த்தார்.

இங்கே ஒலிப்பதிவு அறைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கோகு யார் என்ற கேள்வி அங்கேதான் தீர்மானமாகிறது. ஜப்பானில் வழக்கம், அந்த எபிசோடில் பேசும் எல்லோரும் ஒரே அறையில் கூடுவது. முன்னால் மூன்று, நான்கு மைக். தன் முறை வரும்போது ஒருவர் மைக் முன் வந்து பேசிவிட்டு விலக, அடுத்தவர் வருவார். எதிராளியின் குரலைக் கேட்டபடியே பதில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொருவரும் தனியாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும். திரையில் காட்சி ஓடும், காதில் மூன்று ‘பீப்’ சத்தம் கேட்கும், நான்காவது வர வேண்டிய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். ஓவியம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், வாய் எத்தனை முறை திறந்து மூடுகிறதோ அதற்குள் வசனம் அடங்க வேண்டும். மூலத்தின் பொருள், வாயசைவின் நீளம், பாத்திரத்தின் இயல்பு, மூன்றையும் கட்டிக்காக்கும்படி வசனத்தை வெட்டி ஒட்டி எழுதுவது தனி வேலை. அதற்கென்றே எழுத்தாளர் உண்டு. ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், முகம் மாறுவதும் அந்தக் கடைசி நொடியில். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடும். எனவே வாக்கியத்தைத் தலைகீழாக்கினால்தான் உணர்ச்சியும் முகமும் ஒன்றுசேரும். இந்த ஒரு விஷயத்தில் தமிழுக்கு இயல்பாகவே வசதி அதிகம்.

அப்புறம் அலறல். டிராகன் பாலில் சக்தியைக் கூட்டும் காட்சிகள் நிமிடக்கணக்கில் நீளும், அத்தனை நேரமும் குரல் உயர்ந்துகொண்டே போக வேண்டும். அலறல்களைப் பதிவின் கடைசியில் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம், முதலில் அலறினால் வசனத்துக்குக் குரல் இருக்காது. ‘ஜிடி’ தொடருக்காக ஒரு உருமாற்றக் காட்சியில் அலறும்போது மயங்கி விழுந்ததாக ஷெம்மலே சொல்லியிருக்கிறார்.

ஜப்பானில் இந்தச் சுமையைத் தாங்குபவர் மசாகோ நொசாவா. 1936இல் பிறந்தவர். ‘சூப்பர்’ தொடங்கும்போது 78 வயது. கோகு, கோகுவின் மகன்கள் கோஹான், கோட்டென், போதாததற்கு கோகுவின் உடலைத் திருடிய வில்லன் கோகு பிளாக், எல்லாம் அவரே. அப்பாவும் பிள்ளைகளும் பேசிக்கொள்ளும் காட்சியில் அவர் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு ஷெம்மல், கைல் ஹீபர்ட், காரா எட்வர்ட்ஸ் என்று மூன்று பேர்.

இந்த வேறுபாட்டில்தான் எனக்கு முக்கியமான விடை கிடைத்தது. நொசாவா 1986இல் வால் முளைத்த சிறுவன் கோகுவுக்குப் பேசினார். அவன் வளர்ந்தான், கல்யாணம் செய்தான், தாத்தாவானான், குரல் மட்டும் மாறவில்லை. ஜப்பானியக் காதுக்கு ‘சூப்பர்’ கோகுவின் ஒவ்வொரு வார்த்தையிலும் அந்தக் காட்டுச் சிறுவன் கேட்கிறான். அவன் கடவுளை மரியாதையில்லாமல் கூப்பிட்டாலும், வேலைக்குப் போகாமல் பயிற்சிக்கு ஓடினாலும், குரலே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் சிறுவன் கோகுவுக்கு வேறொரு கலைஞர், பெரியவன் கோகுவுக்கு ஷெம்மல். அதுவும் ‘இசட்’ தொடர் முதலில் பிரபலமாகி, சிறுவன் கதை அதற்குப் பிறகுதான் பலரையும் எட்டியது. ஆகவே ஆங்கில ரசிகனின் காதில் இருப்பது ஒரு வளர்ந்த ஆணின் கனத்த குரல், அதுவும் பிரபஞ்சத்தின் நம்பிக்கை நான் என்று முழங்கிய குரல். அதே குரல் குழந்தைத்தனமாகப் பேசும்போது அது வெகுளித்தனமாகப் படவில்லை, பொறுப்பின்மையாகப் பட்டது.

ஒரு சின்னக் காட்சியைப் பாருங்கள். எதிர்காலத்திலிருந்து வரும் வெஜிட்டாவின் மகன் ட்ரங்க்ஸின் கதைப் பகுதியில், காயம்பட்டுக் கிடக்கும் அவனுக்கு மை என்கிற பெண் மருந்துக் கொட்டையை வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறாள். கோகு அதைப் பார்த்து அதிர்ந்துபோகிறான். கல்யாணமானவன் தானே நீ, மனைவிக்கு முத்தம் கொடுத்ததே இல்லையா என்று வெஜிட்டா திகைக்கிறான். இரண்டு பிள்ளைகளின் அப்பா. நொசாவாவின் குரலில் இது அப்பாவிச் சிறுவனின் வியப்பாக வந்து சிரிப்பை வரவழைக்கிறது. ஆங்கிலத்தில் ஷெம்மல் குரலை லேசாக்கி, நல்ல நேரக்கணக்கோடுதான் பேசுகிறார். இருந்தும் இந்தக் காட்சியைத்தான் ‘கோகுவைக் கெடுத்துவிட்டார்கள்’ என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். நடிப்பில் குறை இல்லை. கேட்கும் காதில் இருபது வருட நினைவு உட்கார்ந்திருந்தது.

கடைசிப் பகுதியான சக்திப் போட்டி இந்த விஷயத்தை நடுக்கூடத்துக்கே கொண்டுவந்தது. எல்லாப் பிரபஞ்சங்களுக்கும் அரசனான ஜெனோ, பார்க்கச் சிறு குழந்தை போல இருப்பவர். அவரிடம் போய், சொன்ன போட்டியை எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டு நினைவூட்டுகிறான் கோகு. அவனுக்கு வேண்டியது நல்ல சண்டை. வந்த பதிலோ, எட்டுப் பிரபஞ்சங்கள், 80 வீரர்கள், 48 நிமிடம், தோற்ற பிரபஞ்சம் அதன் உயிர்களோடு அழிக்கப்படும். மற்றப் பிரபஞ்சங்களின் கடவுள்கள் கோகுவை வில்லனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். கதையே அவனைக் குற்றம் சாட்டுகிறது. பிறகு, இந்தப் பிரபஞ்சங்கள் எப்படியும் அழியப்போகிறவைதான், போட்டியால் ஒரு வாய்ப்பாவது கிடைத்தது என்று தெரியவருகிறது. ஆனாலும் அது தெரியாமல்தானே கோகு கேட்டான்? தொரியாமா சொன்ன அந்த விஷம் இதுதான். இதை இனிப்பாக்காமல், வசனத்தைத் திருப்பாமல், ஜப்பானியத்தில் இருப்பதை அப்படியே ஆங்கிலத்தில் தந்த டெக்சஸ் குழுவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1996இன் ஆட்களாக இருந்தால் இந்த இடத்தில் கோகுவுக்கு ஏதாவது உயர்ந்த நோக்கத்தைச் சேர்த்திருப்பார்கள். இசையிலும் அதே நேர்மை, நொரிஹிதோ சுமிதோமோவின் மூல இசை அப்படியே இருந்தது.

குரல்களின் தொடர்ச்சி என்றால் மரணத்தையும் பேசத்தான் வேண்டும். 1986 முதல் கோகுவின் தோழி புல்மாவுக்குக் குரல் கொடுத்த ஹிரோமி ட்சுரு 2017 நவம்பரில் காலமானார். தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரம். அயா ஹிசகாவா அந்த இடத்துக்கு வந்தார். ஜப்பானியப் பதிப்பைத் தொடர்ந்து கேட்பவருக்கு அந்த இடத்தில் நெஞ்சு ஒருமுறை அடைக்கும். ஆங்கிலத்தில் அந்த எபிசோடுகள் 2019இல் வந்தபோது புல்மா மோனிகா ரியாலின் குரலில் தடையில்லாமல் பேசினாள். அங்கே முறிவு வேறிடத்தில் நேர்ந்தது. கிறிஸ் அயர்ஸின் நுரையீரல் நோய் முற்றியதால், சக்திப் போட்டியில் ஃப்ரீசாவுக்கும் ‘ப்ரோலி’ படத்துக்கும் டேமன் மில்ஸ் பேசினார். அயர்ஸ் 2021 அக்டோபரில் இறந்தார். ஒரே கதைக்கு இரண்டு மொழிகளில் இரண்டு வேறு இடங்களில் துக்கம்.

ஆங்கில டப்பிங் என்றாலே டெக்சஸ் என்றும் நினைத்துவிடக் கூடாது. அதே 2017 ஜனவரியில், ஆசியாவிலும் இந்தியாவிலும் டூனாமி அலைவரிசைக்காக லாஸ் ஏஞ்சல்ஸின் பாங் ஜூம் ஸ்டூடியோ செய்த வேறொரு ஆங்கில டப்பிங் வந்தது. அதில் கோகுவுக்கு லெக்ஸ் லாங். நம் ஊரில் டூனாமி வைத்திருந்தவர்கள் கேட்டது அவரை. நினைவின் பாரம் இல்லாதவர்களுக்கு அது ஒரு நல்ல டப்பிங், அவ்வளவுதான். ஷெம்மலோடு வளர்ந்தவர்கள் அதை ஏற்கவே இல்லை. 2022இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தமிழிலும் ‘சூப்பர்’ வந்தது. தமிழ்க் குழந்தைகளில் பலருக்கும் கோகு அறிமுகமானதே இந்த வெகுளியாகத்தான், எனவே அவனிடம் இழந்த நாயகனைத் தேட அவர்களுக்கு அவசியமே இல்லை.

மெக்சிகோவை விட்டுவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. லத்தீன் அமெரிக்காவில் மாரியோ காஸ்தனெடாவின் ஸ்பானியக் கோகு தலைமுறைகளின் சொத்து. 2018 மார்ச்சில் 130ஆவது எபிசோடு, கோகுவும் ஜிரெனும் மோதும் இறுதிச் சண்டை, ஜப்பானில் வந்த அதே வார இறுதியில் மெக்சிகோ நகரங்களின் சதுக்கங்களில் பெரிய திரை கட்டிக் காட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இதற்கெல்லாம் அனுமதி தரவில்லை என்று தோயே அறிக்கை விட்டது. சியுதாத் ஹுவாரெஸ் போன்ற ஊர்களில் நகர நிர்வாகமே முன்னின்று நடத்தியது. கூட்டம் கேட்டது ஜப்பானியக் குரலை, காஸ்தனெடாவின் டப்பிங் அந்த எபிசோடுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்தபோது மறுபடி பார்த்தார்கள். முதல் முறை பார்த்தது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. அடுத்த முறை, தங்கள் வீட்டு ஆள் அதைப் பேசக் கேட்க.

தொரியாமா 2024 மார்ச் 1 அன்று மறைந்தார். அவர் கதை எழுதிய ‘டிராகன் பால் டைமா’ அதே வருடம் அக்டோபர் 11 அன்று ஜப்பானில் தொடங்கியது. நிர்வாகமும் ஒப்பந்தமும் இதற்குள் நிறைய மாறியிருந்தன. ஃபனிமேஷனை 2017இல் சோனி வாங்கியது, 2021இல் கிரஞ்சிரோலையும் வாங்கி இரண்டையும் இணைத்துவிட்டது. ‘டைமா’ சப்டைட்டிலோடு உடனே கிடைத்தது. ஆங்கில டப்பிங்கின் முதல் மூன்று எபிசோடுகள் நவம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடின, 2025 ஜனவரியில் இணையத்தில் தொடர்ந்தன. ஒன்றரை வருடம் மூன்று மாதமாகச் சுருங்கியது.

‘டைமா’ கதையில் ஒரு சதியால் கோகு மறுபடி சிறுவனாகிவிடுகிறான். நொசாவாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, அக்டோபர் 25 அன்று 88 வயதை எட்டியவர் அதே குரலில் பேசினார். ஆங்கிலக் குழுவுக்கோ இது பெரிய முடிவு. ஷெம்மல் குரலைச் சுருக்கிப் பேசலாம், புதிதாக யாரையாவது தேடலாம். அவர்கள் அழைத்தது ஸ்டெஃபனி நடால்னியை. பழைய டெக்சஸ் பதிப்பில் சிறுவன் கோகுவாகப் பேசி, ‘காய்’ காலத்திலேயே இந்தத் தொடரிலிருந்து விலகிப்போனவர். ஆங்கிலத்தில், பெரியவன் கோகுவும் சிறுவன் கோகுவும் மறுபடி ஒரே தொடரில் ஒரே ஆளாக அடுத்தடுத்து ஒலித்தார்கள். ஷெம்மல் பேசும் கோகு சுருங்கி நடால்னியின் குரலில் வாயைத் திறந்ததும், சண்டைக்கு அலையும் அந்த வெகுளித்தனம் யாருக்கும் உறுத்தவில்லை. ‘கோகுவைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு ‘சூப்பர்’ காலத்தைப் போல இந்த முறை எழவில்லை.